இதயத்துக்கு ஒரு மூக்கணாங்கயிறு: நாடிசுத்தி உடலுக்குள் என்ன செய்கிறது?

காலையில் பூங்காவுக்குப் போனால் சிமெண்ட் பெஞ்சில் யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கின் ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கத்தால் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். இதனால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். "மூளைக்கு ஆக்ஸிஜன் கூடும்" என்பார் ஒருவர். "வலது மூக்கு சூடு, இடது மூக்கு குளிர்ச்சி. மாத்தி மாத்தி விட்டா சமமாயிடும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இடது மூக்கால மட்டும் இழுங்க, பிரஷர் மாத்திரையே தேவைப்படாது" என்பார். வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் இந்த மூன்றும்தான்.

முதலாவது தவறு. இரண்டாவதில் உண்மை கொஞ்சம்தான். மூன்றாவது ஆளையே சாய்த்துவிடக்கூடியது. ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் உடலுக்குள் நிஜமாகவே ஒன்று நடக்கிறது. அது என்ன என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## முதலில் பெயர்கள்

இடது மூக்கால் இழுத்து வலதால் விடுவது, பிறகு வலதால் இழுத்து இடதால் விடுவது: இது ஒரு சுற்று. இப்படிச் சுற்றுச் சுற்றாகச் செய்வதுதான் நாடிசுத்தி. இடது மூக்கை மட்டும் பயன்படுத்தினால் சந்திர நாடி, வலதை மட்டும் பயன்படுத்தினால் சூரிய நாடி என்பார்கள். பழைய நூல்களில் இவையே இடகலை, பிங்கலை. மூச்சை இழுப்பது பூரகம், விடுவது ரேசகம், அடக்கி வைப்பது கும்பகம்.

'நாடி' என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றும். வைத்தியர் கையைப் பிடித்துப் பார்ப்பதும் நாடி, மூச்சு ஓடும் வழியும் நாடி. சிலர் அதையே நரம்பு என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். யோக நூல் சொல்லும் நாடியை உடலை அறுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது அந்த மரபின் வரைபடம். இந்தக் கட்டுரை பேசுவது அறுத்தால் தெரியும் நரம்பைப் பற்றி.

## ஆக்ஸிஜன் கதையை முடித்துவிடுவோம்

கொரோனா காலத்தில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. எடுத்து மாட்டிப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஆரோக்கியமானவருக்கு 95க்கு மேல், பலருக்கு 98 காட்டும். அதாவது இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் சீட்டுகளில் நூற்றுக்கு 98 ஏற்கெனவே நிரம்பிவிட்டன. சீட்டெல்லாம் நிரம்பிய பஸ்ஸுக்கு ஸ்டாப்பில் இன்னும் நாற்பது பேர் வந்து நின்று என்ன பயன்? ஆழ்ந்து மூச்சு விட்டால் கிடைக்கும் நிம்மதிக்குக் காரணம் ஆக்ஸிஜன் இல்லை. வேறெங்கோ தேட வேண்டும்.

## மணிக்கட்டில் ஒரு சோதனை

இடது கை மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடித் துடிப்பைப் பிடியுங்கள். பிடி கிடைத்ததும் மெதுவாக, ஐந்து வினாடி மூச்சை இழுங்கள். ஐந்து வினாடி விடுங்கள். இப்படி நான்கைந்து முறை.

இழுக்கும்போது துடிப்புகள் நெருக்கமாக வரும். விடும்போது இடைவெளி விட்டு, சாவகாசமாக வரும். இளைஞர்களுக்கு இது பளிச்சென்று தெரியும். வயது ஏற ஏற இந்த வித்தியாசம் குறையும், அதனால் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் கையைப் பிடித்துப் பாருங்கள்.

ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847லேயே இதைப் பதிவு செய்துவிட்டார். மூச்சின் போக்கில் இதயத் துடிப்பு ஏறி இறங்குவது கோளாறு இல்லை, ஆரோக்கியத்தின் அறிகுறி. கடிகார முள் மாதிரி அச்சுப் பிசகாமல் துடிக்கும் இதயத்தைப் பார்த்துத்தான் மருத்துவர் கவலைப்படுவார்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இதை வைத்தே ஒரு பரிசோதனை உண்டு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வீதம் ஆழ்ந்து விடச் சொல்லி ஈ.சி.ஜி. எடுப்பார்கள். இழுக்கும்போதும் விடும்போதும் உள்ள துடிப்பு வேகத்தின் வித்தியாசம் நிமிடத்துக்கு 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. 10 அல்லது அதற்குக் கீழே என்றால் இதயத்துக்குப் போகும் நரம்பைச் சர்க்கரை அரிக்க ஆரம்பித்துவிட்டது என்று சந்தேகப்படுவார்கள். அந்த 'ஆறு மூச்சு' என்ற எண்ணை ஞாபகத்தில் வையுங்கள், மறுபடி வரும்.

## காளையும் கயிறும்

நாம் நினைத்தால் கையைத் தூக்கலாம். நினைத்தால் இதயத்தை நிறுத்த முடியாது. இதயம், குடல், இரத்தக் குழாய், வியர்வை இவற்றையெல்லாம் நம்மைக் கேட்காமலே நடத்தும் நரம்புகளின் அமைப்புக்குத் தானியங்கு நரம்பு மண்டலம் என்று பெயர். அதில் இரண்டு பிரிவு. நாய் துரத்தும்போது இதயத்தை விரட்டி ஓட வைப்பது பரிவு நரம்புகள். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாயும்போது வேலை செய்வது எதிர்ப்பரிவு நரம்புகள்.

எதிர்ப்பரிவுப் பிரிவின் முக்கியமான நரம்பு வேகஸ். பெயரில்தான் வேகம், வேலை வேகத்தைக் குறைப்பது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'அலைந்து திரிவது' என்று பொருள். மூளையின் அடித்தண்டில் கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று ஊரெல்லாம் சுற்றுவதால் அந்தப் பெயர்.

இதயத்துக்குச் சொந்தமாகவே ஒரு தாளம் உண்டு. எந்த நரம்பும் தொடாமல் விட்டால், அது நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஆனால் சும்மா இருக்கும்போது நம் துடிப்பு 70ஐ ஒட்டி இருக்கிறதே, எப்படி? வேகஸ் பிடித்து இழுத்து வைத்திருக்கிறது. ஓடத் துடிக்கும் வண்டிக் காளையை நினைத்துக்கொள்ளுங்கள். வேகஸ்தான் மூக்கணாங்கயிறு. மாடிப்படி ஏறும்போது இதயம் உடனே வேகமெடுக்கிறதே, அங்கே முதலில் நடப்பது சாட்டையடி இல்லை, கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துவதுதான். சாட்டை, அதாவது பரிவு நரம்பு, சில வினாடி தாமதித்துத்தான் வேலையைத் தொடங்கும். கயிறோ அடுத்த துடிப்புக்குள்ளேயே பலன் காட்டிவிடும்.

இந்தக் கயிறு எதனால் ஆனது என்று கண்டுபிடித்த கதை சொல்லத் தகுந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி ஒரு ராத்திரி கனவில் ஒரு சோதனையைக் கண்டு, எழுந்து காகிதத்தில் கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு வர, இந்த முறை நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். ஒரு தவளையின் இதயத்துக்குப் போகும் வேகஸைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். யாரும் தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. நரம்பு ஒரு ரசாயனத்தைச் சுரந்துதான் இதயத்தை அடக்குகிறது என்பது 1921இல் இப்படி வெளிவந்தது. அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். 1936இல் அவருக்கு ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு.

இதுவரை பார்த்தது: இதயம் இயல்பிலேயே வேகமானது. வேகஸ் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடி இறுகினால் துடிப்பு குறையும், தளர்ந்தால் கூடும்.

## கயிறு மூச்சின் கைக்கு எப்படி வந்தது?

மூளையின் அடித்தண்டில், வேகஸ் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே மூச்சைக் கட்டுப்படுத்தும் நரம்பணுக்கள் இருக்கின்றன. 'இழு' என்று அவை உத்தரவு போடும் ஒவ்வொரு முறையும் வேகஸின் பிடி சற்றுத் தளர்கிறது. மூச்சு வெளியேறும்போது பிடி மறுபடி இறுகுகிறது. மணிக்கட்டில் நீங்கள் தொட்டுப் பார்த்தது இதைத்தான். மூச்சை விடும் நேரத்தை நீட்டினால் கயிறு இறுகியிருக்கும் நேரமும் நீளும் என்பது அதிலிருந்து வரும் எளிய கணக்கு.

இதயத்தை நேராக அதட்ட நமக்கு வழி இல்லை. மூச்சோ தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். தானியங்கு மண்டலத்தை எட்டிப் பார்க்க நமக்குக் கிடைத்த திறந்த ஜன்னல் அது ஒன்றுதான் என்றே சொல்லிவிடலாம்.

அப்புறம் இரத்த அழுத்தம். கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. குழாயின் சுவர் எவ்வளவு விரிகிறது என்று அளந்து மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அவை. அழுத்தம் ஏறினால் மூளை வேகஸை இறுக்கி, குழாய்களையும் தளர்த்தி, அழுத்தத்தைக் கீழே கொண்டுவரும். இறங்கினால் எதிர்மாறு. ஆனால் தகவல் போய், உத்தரவு வந்து, குழாய்ச் சுவர் அசைவதற்குள் சில வினாடிகள் ஓடிவிடும். அந்தத் தாமதத்தால் நம் இரத்த அழுத்தம் சுமார் பத்து வினாடிக்கு ஒரு அலையாக ஏறி இறங்கியபடியே இருக்கிறது.

ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தையைத் தள்ளும்போது என்ன செய்வோம்? ஊஞ்சலின் போக்குக்கு ஏற்ப, அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால், சின்னத் தள்ளலே போதும், ஆட்டம் பெரிதாகும். பத்து வினாடிக்கு ஒரு மூச்சு என்று விட்டால் அழுத்த அலையை அதன் தாளத்திலேயே தள்ளியதாக ஆகும். இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் அதிகமாகும், அழுத்த உணரிகளின் கட்டுப்பாடும் கூர்மையாகும். பத்து வினாடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு ஆறு. சர்க்கரை நோயாளியின் பரிசோதனையில் வந்த அதே ஆறு. நாம் வழக்கமாக விடுவது 12 முதல் 20 வரை.

இத்தாலியின் பவியா நகரில் லுச்சானோ பெர்னார்டியின் குழு 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2001இல் வெளிவந்தது. அவர்களை லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள். பிறகு 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற திபெத்திய மந்திரத்தைச் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறுக்கு வந்து நின்றது. அழுத்த உணரிகளின் கூர்மை இரண்டிலும் கூடியது. யாரும் மூக்கை அடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

## அப்படியானால் மூக்கை ஏன் அடைக்க வேண்டும்?

என் பதில்: மூக்கை அடைப்பது மூச்சை மெதுவாக்கும் குழாய்த் திருகு.

இளநீரை இரண்டு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுங்கள். பிறகு ஒன்றை எடுத்துவிட்டு உறிஞ்சுங்கள். அதே இளநீர், ஆனால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். காற்று நுரையீரலுக்குப் போகும் பாதையில் ஏற்படும் தடையில் ஏறத்தாழ பாதி மூக்கிலேயே இருக்கிறது. அதிலும் ஒரு வழியை அடைத்துவிட்டால் அவசரமாக இழுக்கவே முடியாது. போதாததற்கு விரலை மாற்ற வேண்டும், எந்தப் பக்கம் என்று நினைவு வைக்க வேண்டும். அலுவலகக் கவலை ஓட இடமில்லை. "மெதுவாக மூச்சு விடு" என்று சொன்னால் இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவோம். மூக்கை அடைத்துக்கொண்டால் மறக்க வழியில்லை. இதை வடிவமைத்தவர்கள் மனித சுபாவம் தெரிந்தவர்கள்.

மூக்கால் விடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. மூக்கை ஒட்டிய சைனஸ் அறைகளில் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு உருவாகிறது. இழுக்கும் காற்றோடு அது நுரையீரலுக்குப் போய் அங்குள்ள இரத்தக் குழாய்களைச் சற்று விரிக்கும். வாயால் மூச்சு விட்டால் இது கிடைக்காது. வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று ரீங்கரித்தால் மூக்கில் அந்த வாயுவின் அளவு சும்மா மூச்சு விடுவதைப்போல 15 மடங்கு கூடும் என்று ஸ்வீடனில் 2002இல் அளந்தார்கள். இப்படி ரீங்கரிக்கும் பிராமரி என்ற மூச்சுப் பயிற்சியைச் செய்பவர்கள் சந்தோஷப்படலாம்.

சுருக்கமாக: வேலை செய்வது மெதுவான மூச்சு. மூக்கை அடைப்பது அதற்கு உதவும் கருவி.

## இடதா, வலதா?

சண்டை வரும் இடம் இது. இரண்டு வாசல் வைத்த வீடு, உள்ளே ஒரே கூடம். மூக்கு அப்படித்தான். இரண்டு துவாரங்களும் தொண்டைக்கு மேலேயே ஒன்றாகிவிடுகின்றன. அதன்பின் ஒரே மூச்சுக்குழாய். வலது மூக்கில் போன காற்று வலது நுரையீரலுக்குப் போவதில்லை. இடது மூக்குக் காற்று வலது மூளைக்கு ஏறுவதும் இல்லை, காற்று மூளைக்குப் போவதே இல்லையே.

ஆனால் நம் முன்னோர் கவனித்த ஒரு விஷயம் உண்மை. பலருக்கு எந்த நேரத்திலும் ஒரு மூக்கு கூடுதலாகத் திறந்தும் மற்றது சற்று அடைத்தும் இருக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டும் முறை மாற்றிக்கொள்ளும். வெளியே கிளம்பும்போது எந்தப் பக்கம் சரம், அதாவது மூச்சு, ஓடுகிறது என்று பார்த்து அந்தக் காலை முன்வைக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐரோப்பிய மருத்துவ உலகில் இதை விவரித்தவர் ரிச்சர்ட் கைசர், 1895இல். மூக்கின் உட்சுவரில் உள்ள இரத்தக் குழாய்கள் ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் சுருங்குவதே காரணம். அந்தக் குழாய்களைச் சுருக்குவது பரிவு நரம்புகள். ஆக, மூக்கடைப்புக்கும் தானியங்கு மண்டலத்துக்கும் தொடர்பு இருப்பது நிஜம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் வலது மூக்கு திறக்கும். சாப்பிட்டபின் இடது பக்கம் சாய்ந்து படு, சூரிய நாடி ஓடினால் செரிக்கும் என்று சொல்வார்களே, அதில் மூக்கைப் பற்றிய பாதி சரி.

சரி, ஒரே பக்கமாக மூச்சு விட்டால்? பெங்களூரில் விவேகானந்த கேந்திர யோக ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று குழுக்கள். வலது மட்டும், இடது மட்டும், மாற்றி மாற்றி. வேளைக்கு 27 சுற்று, நாளுக்கு நான்கு வேளை, ஒரு மாதம். உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜன் வலது குழுவில் 37 சதவீதம் கூடியது. 'வலது சூடு' என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று இந்த எண்ணை மட்டும் எடுத்துச் சுற்றுக்கு விடுகிறார்கள். அதே ஆய்வில் இடது குழுவிலும் 24 சதவீதம் கூடியது, மாற்றிச் செய்தவர்களுக்கு 18. 'குளிர்ச்சி' இங்கே காணோம். இடது குழுவில் உள்ளங்கை வியர்வை தொடர்பான பரிவு நரம்பின் வேலை குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதை எந்தப் பக்கமும் சுத்தமாக முடியவில்லை.

புதுச்சேரி ஜிப்மரில் 2012இல் வந்த இன்னொரு ஆய்வு. உயர் இரத்த அழுத்தம் உள்ள 22 பேரை 27 சுற்று சந்திர நாடி செய்ய வைத்து, உடனே அளந்தார்கள். இதயத் துடிப்பும் மேல் அளவு அழுத்தமும் குறைந்திருந்தன. "பார்த்தீர்களா, இடது மூக்கு!" என்று சொல்வதற்கு முன் இரண்டு விவரம். அவர்கள் மூச்சு விட்ட வேகம் நிமிடத்துக்கு ஆறு. இதே வேகத்தில் வலது மூக்கால், அல்லது இரண்டு மூக்காலும் விட்ட ஒரு குழு பக்கத்தில் இல்லாமல், பெருமை இடது மூக்குக்கா ஆறு மூச்சுக்கா என்று பிரிக்க முடியாது. இரண்டாவது, அந்த 22 பேரும் வழக்கமான மருத்துவச் சிகிச்சையில் இருந்தவர்கள். மாத்திரையை நிறுத்தியவர்கள் அல்ல.

## செய்து பார்க்க

முதுகை நேராக வைத்து வசதியாக உட்காருங்கள், நாற்காலி போதும். வலது கைக் கட்டைவிரல் வலது மூக்குக்கு, மோதிர விரல் இடது மூக்குக்கு. மூக்கு எலும்பு முடிந்து மெத்தென்று ஆகும் இடத்தில் லேசாகத் தொட்டால் போதும், நசுக்க வேண்டாம். வலதை மூடி இடதால், வினாடிக்கு ஒன்றாக நான்கு எண்ணும்வரை இழுங்கள். இடதை மூடி வலதால் ஆறு எண்ணும்வரை விடுங்கள். வலதால் நான்கு, இடதால் ஆறு. ஐந்து நிமிடம். மூச்சுச் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

திருமந்திரம் சொல்லும் கணக்கு இதுவல்ல. 16 மாத்திரை (இது பழைய கால அளவு) பூரகம், 64 கும்பகம், 32 ரேசகம். மாத்திரையை ஒரு வினாடி என்று வைத்தாலும் ஒரே மூச்சுக்கு 112 வினாடி ஆகிறது. குருவிடம் வருடக்கணக்கில் இருந்து பழகியவர்களுக்கான கணக்கு அது, யூடியூபில் பார்த்து முதல் நாளே முயற்சி செய்வதற்கு இல்லை. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே வேண்டாம். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. அவை கயிற்றைத் தளர்த்திச் சாட்டையை எடுக்கும் வகை. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கும் நாளில் மல்லுக்கட்டாமல், இரண்டு மூக்காலும் அதே நான்கு-ஆறு கணக்கில் விட்டால் போதும்.

வீட்டில் பிரஷர் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஐந்து நிமிடம் நாடிசுத்தி செய்துவிட்டு உடனே அளந்தால் எண் குறைவாகக் காட்டும். கயிறு இறுகியிருக்கும் நேரத்து அளவு அது, நாள் முழுக்க இருக்கும் அளவு அல்ல. அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினால், மருத்துவர் அதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிடக்கூடும். மூச்சுப் பயிற்சிக்கு முன்னால், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு எடுத்த அளவை எழுதுங்கள். பயிற்சிக்குப் பின் எடுத்ததையும் எழுத ஆசையாக இருந்தால் பக்கத்தில் வேறு மையில் எழுதி, எப்போது எடுத்தது என்று குறித்து வையுங்கள்.